மரக்கிளியின் மூக்கு

மருத்துவமனைகளுக்கு உள்வடிவமைப்பு செய்து கொடுப்பதில் தில்ஷாத் கெட்டிக்காரி. அவளிடம் அந்த வேலையைக் கற்க வந்தவள் மெய்யம்மை. சிஷ்யைக்கு ஐம்பதை நெருங்கும் வயது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சிஷ்யை குருவை "மேடம்" என்பாள், குரு சிஷ்யையை "அக்கா" என்பாள். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம், அவர்களுக்கு இல்லை.

மெய்யம்மை தனியாகச் செய்த முதல் வேலை காரைக்குடியில் ஒரு பல் கிளினிக். டாக்டர் கிரேஸ்லினுடையது.

கிரேஸ்லினுக்கு இது இரண்டாவது கிளினிக். முதல் கிளினிக்கில் பல் பிடுங்கிக்கொண்ட சிலருக்கு வாய்க்குள் சீழ் கட்டியது. கருவியிலிருந்தா, தண்ணீரிலிருந்தா, எங்கிருந்து வந்தது என்று பிடிபடவில்லை. அவளே கதவை இழுத்துப் பூட்டினாள். இன்னொரு முறை அப்படி நடந்தால் ஊரில் ஒருத்தரும் அவளிடம் வாயைத் திறக்க மாட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலை குரு பார்க்க வந்தாள். கையில் ஒரு ஃபிளாஸ்க்.

தரை சுவரைத் தொடும் இடத்தில் மூலையே இல்லை, வளைந்து ஏறியது. குழாயைக் கையால் திருக வேண்டாம், முழங்கையால் தட்டினால் போதும். எச்சில் பட்ட கருவிகள் ஒரு கதவு வழியாக உள்ளே போகும், சுத்தமாகி வேறு கதவு வழியாக வரும். குரு ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

நோயாளி நாற்காலிக்குப் பின்னால் வந்ததும் தலை நின்றுவிட்டது.

சுவர் முழுக்கத் தேக்குச் சிற்பம். யாளி, தாமரை, கொடி, கொடிக்குக் கொடி கிளி. இடித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய வீட்டில் மெய்யம்மை மல்லுக்கட்டி வாங்கி வந்தது.

"எப்படி மேடம்?"

"அழகு."

"அழகு எனக்கே தெரியும். இந்த அறையில கிருமி தங்குமா, தங்காதா? அதைச் சொல்லுங்க. கிரேஸ்லினுக்கு நான் பதில் சொல்லணும்."

"நாற்காலியில படுங்க அக்கா."

மெய்யம்மை படுத்தாள்.

"என்ன தெரியுது?"

"சீலிங்."

"கிளி?"

மெய்யம்மை கழுத்தை ஒடித்துப் பார்த்தாள். "எழுந்து திரும்பினாத்தான் தெரியும்."

"யாருக்காக வச்சீங்க?"

"பல் டாக்டர்னா ஜனங்களுக்குப் பயம் மேடம். எதையாவது பார்த்துட்டு இருந்தா..."

மறுபடி சீலிங்கைப் பார்த்தாள்.

கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே பாட்டில் ஒன்று ஜன்னலோரம் இருந்தது. குரு அதைக் கவிழ்த்துக் கழுவி, ஃபிளாஸ்கில் இருந்ததை ஊற்றினாள். பீட்ரூட் சாறு. மேடத்துக்கு ரத்தசோகை போலிருக்கிறது, குடிக்கக் கொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் மெய்யம்மை அதுவரை நினைத்திருந்தாள்.

"இப்போ டாக்டர் உங்க பல்லைத் துளைக்கிறாங்க. அந்த மெஷின் தண்ணியைப் பீய்ச்சும். அதோட உங்க எச்சிலும் பறக்கும்."

பாட்டிலை மெய்யம்மையின் வாய்க்கு மேலே பிடித்து அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். சிவப்புச் சாரல் நாற்காலியைத் தாண்டிப் பின்சுவர் வரை தெறித்தது.

"ஐயோ மேடம், புதுப் புடவை!"

"நோயாளி பேசக் கூடாது."

சாரல் நின்றதும் ஒரு துணியை நனைத்துச் சிஷ்யையின் கையில் கொடுத்தாள். "அடுத்த நோயாளி வெளியே உட்கார்ந்திருக்காங்க. துடைங்க."

நாற்காலி ஒரே இழுப்பில் போயிற்று. மேஜையும் அப்படியே. தரையும் அது வளைந்து ஏறிய இடமும் சிவப்பு இருந்த சுவடு தெரியாமல் சுத்தமாயின. மெய்யம்மைக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பிறகு சிற்பத்துக்கு வந்தாள்.

துணியால் துடைத்தாள். துணி முனையை முறுக்கிக் குடைந்தாள். பல் துலக்கும் பிரஷ் எடுத்துத் தேய்த்தாள். கொண்டை ஊசியைக் கழற்றித் தாமரை இதழுக்குள் விட்டாள். இதழுக்குள் இருந்த சிவப்பு இன்னும் உள்ளே போயிற்று.

அந்த நேரம் பார்த்து கிரேஸ்லின் உள்ளே வந்தாள். மெய்யம்மையின் புடவையைப் பார்த்து அலறினாள். "என்னக்கா இது, யாரை வெட்டினீங்க?"

"ஒண்ணுமில்லை டாக்டர். பீட்ரூட்."

கிரேஸ்லினின் பார்வை சுவருக்குப் போயிற்று. சிரித்தாள். "அட, கிளிக்கெல்லாம் மூக்குச் சிவப்பா பெயிண்ட் அடிச்சிட்டீங்களா? நல்லாயிருக்கே!"

யாரும் சிரிக்கவில்லை. கிரேஸ்லின் கிட்டே போய் ஒரு கிளியின் மூக்கை விரலால் தொட்டாள். விரலைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். அந்த விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

மெய்யம்மைக்குத் தாங்கவில்லை. "மேடம், தினமும் நானே வந்து தேய்ச்சுக் கொடுக்கிறேன். இப்பவே பாதிக்கு மேல போயிடுச்சு. சிவப்பு எங்கெங்க இருக்குன்னுதான் தெரியுதே."

"நாளையிலேர்ந்து அது சிவப்பா இருக்காது அக்கா" என்றாள் குரு.

மெய்யம்மை பிரஷைக் கீழே வைத்தாள். தச்சருக்குப் போன் போட்டாள்.

சாயங்காலத்துக்குள் சிற்பம் இறங்கி வாசலுக்குப் போயிற்று. வெளிச்சுவரில், வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போது கண்ணுக்கு நேரே. தரைக்கு வாங்கியதில் மிஞ்சியிருந்த வழுவழு வினைல் ஷீட்டை உள்சுவரில் ஏற்றி, இடைவெளி இல்லாமல் ஒட்டினார்கள். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னது மெய்யம்மைதான். கிரேஸ்லின் முதல் ஆளாக அதில் சாய்ந்து பார்த்தாள். வெளியே கொன்றை மரம் பூத்திருந்தது.

"நானே தூங்கிடுவேன் போலிருக்கே!" என்று சொல்லிவிட்டு, விளக்குகளைச் சரிபார்க்க முன்னறைக்குப் போனாள். போகும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

மெய்யம்மை வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொட்டைச் சுவர் மேடம். நாளைக்கு வர்றவங்க இதைப் பார்த்து, இந்த வேலை யார் செஞ்சதுன்னு ஒருத்தராவது கேட்பாங்களா?"

"மாட்டாங்க."

"பின்னே நான் எதுக்கு இவ்வளவு பாடுபட்டேன்?"

குரு ஈரத்துணியால் சுவரை ஒரு இழுப்பு இழுத்தாள். துணியைத் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

"வலி போனவங்களுக்கு வீட்டுக்குப் போற அவசரம் அக்கா. சுவரை யார் பார்ப்பாங்க?"