ஆந்தை வாங்கிய பாதித் தலைவலி

ஆந்தை பட்டப்பகலில் பறந்து திரிந்த காலம் ஒன்று இருந்தது. மனிதருக்கும் பறவைக்கும் அப்போது ஒரே பேச்சு. கடலோரத்து உப்பளம் ஒன்றுக்கு ஆந்தைதான் கங்காணி. அவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டு வேறென்ன வேலை பார்ப்பது?

அந்த அளத்தில் உப்பு வாரியவள் வெயிலுகந்தாள். கை ஓயாத வேலைக்காரி. ஆனால் சில நாள் பாத்தி நடுவே அப்படியே நின்றுவிடுவாள். கண்ணோரத்தில் வெளிச்சம் நெளிநெளியாக ஓடும். பிறகு நாடித் துடிப்போடு சேர்ந்து தலை தெறிக்கும். உப்பின் வெள்ளை ஊசியாய்க் குத்தும். உப்பு வாரும் பலகை உரசுகிற சத்தம் ஆகாது, கருவாட்டு வாடைக்கே வாந்தி வரும். வேலையைப் போட்டுவிட்டு இருட்டுக் குடிசையைத் தேடிப் போய்ப் படுத்துவிடுவாள்.

என்னவென்று கேட்டால் தலைவலி என்பாள். வேறு சொல் அவளிடம் இல்லை. குழப்பமே அங்கேதான். தலைவலி எல்லோருக்கும்தானே வந்தது? மற்றவர்களுக்குக் கயிறு போட்டு இறுக்கியதுபோல இரண்டு பக்கமும் வலிக்கும். துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். சளி கோத்தால் குனியும்போது நெற்றி கனக்கும். ஆவி பிடித்தால் இறங்கிவிடும். இவளுக்கும் துண்டு கட்டினார்கள், சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டார்கள். அந்தக் காரவாடைக்கு இன்னும் வாந்தி எடுத்தாள். மறுநாளோ அதற்கு மறுநாளோ ஒன்றுமே நடக்காதவள்போல் சிரித்துக்கொண்டு வருவாள். நடித்திருப்பாளோ என்று அளத்து ஆட்களுக்குச் சந்தேகம். சில வேளை அவளுக்கே சந்தேகம்.

இன்னொரு முறை படுத்தால் அளத்துப் பக்கமே வரக்கூடாது என்று கங்காணி சொல்லிவிட்டது. உப்பு வாரினால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். ஆனாலும் அந்த நெளிநெளி வெளிச்சம் வந்தது. வரப்பிலேயே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பேரு வெயிலுகந்தா. வெயிலு மட்டும் ஆகாதோ?" என்றது ஆந்தை. "தலவலிதானட்டி. எனக்குந்தான் வருது."

"அது வேற, இது வேற அண்ணாச்சி."

"என்ன வேற?"

அவள் கண்ணைத் திறக்காமலே நிமிர்ந்தாள். "பாதி தாரேன். வாங்கிப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

அளமே சிரித்தது. ஆந்தையும் சிரித்துக்கொண்டே தலையை நீட்டியது. அந்தக் காலத்தில் வலியைக் கைமாற்றலாம். கேட்டு வாங்குவார்தான் இல்லை. வெயிலுகந்தாள் தன் வகிட்டில் விரலை வைத்து நெற்றிவரை கோடு இழுத்தாள். ஒரு பக்கத்து வலியை அள்ளி ஆந்தையின் தலையில் வைத்தாள்.

ஆந்தையின் சிரிப்பு நின்றது. வெயிலை யாராவது அணையுங்கள் என்று முனகியது. தின்ற எலியைக் கக்கியது. தட்டுத்தடுமாறிப் பறந்துபோய்ப் பனைமரப் பொந்துக்குள் விழுந்தது. எங்கே வலிக்கிறது என்று வெளியிலிருந்து கேட்டார்கள். அது தலையை இந்தப் பக்கம் திருப்பியது, அந்தப் பக்கம் திருப்பியது, முதுகுவரைக்கும் திருப்பியது. பிடிபடவில்லை.

"இது தலவலி இல்லட்டி," என்றது கடைசியில். "ஆனா தலவலிதான். என்னன்னே தெரியலியே."

"அதத்தான் அண்ணாச்சி நானும் சொன்னேன்."

வெயில் தாழ்ந்த பிறகே ஆந்தை வெளியே வந்தது. இவள் படுக்கிற நாளில் யாரும் போய் எழுப்பக் கூடாது, இவளுடைய இடத்தில் வேறு ஆளும் கூடாது என்றது. பிறகு அந்தப் பாதியைத் திருப்பித் தரப் பார்த்தது. கொடுத்தது இடமா வலமா என்று இருவருக்குமே நினைவில்லை; அது ஆந்தையிடமே தங்கிவிட்டது.

அந்த மறதியில்தான் எல்லாம் தொடங்கியது. அந்த வலி இன்றும் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே வருகிறது. ஒரு தடவை இடம், ஒரு தடவை வலம், வழி தவறினால் இரண்டும். ஒற்றைத் தலைவலி என்று யாராவது சொன்னால், மற்றப் பாதி எங்கே என்று கேட்காதீர்கள். பகலெல்லாம் ஒரு பொந்துக்குள் உட்கார்ந்து, தலையைத் திருப்பித் திருப்பி ஆந்தை அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.