சர்வர் அறைக்கு ஓர் உள்தாழ்ப்பாள்

வ்ர்ர்… டொப். வ்ர்ர்… டொப்.

இருட்டிய பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. அதுவும் காலி அறையிலிருந்து.

சீடன் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"சார், சர்வர் செத்தும் அடங்கல."

குரு கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்த சர்வர்?"

"எடைக்குப் போட்டோமே சார், அதுதான். அந்த ரூம்ல உறுமுது."

மலையடிவாரத்துப் பால் கம்பெனி அது. கம்ப்யூட்டர் பிரிவில் இருவர். தலைவர் பெயர் குருபாதம். சுருக்கிக் குரு என்றார்கள். அவரும் பேச்சைச் சுருக்கிக்கொண்டார். மற்றவன் நாவுக்கரசு. அவனைச் சீடன் என்று யாரும் நியமிக்கவில்லை. அவனே சேர்ந்துகொண்டான்.

போன வருஷம் கம்பெனியின் கணக்கெல்லாம் இன்டர்நெட் வழியாகத் தூரத்துக் கிளவுடுக்குப் போனது. பழைய சர்வர்கள் காயலான் கடைக்குப் போயின. அறை மட்டும் மிஞ்சியது. ஏசியோடு, ஜன்னல் இல்லாமல்.

"வாட்ச்மேன் ஒச்சப்பன் அந்தக் கதவுல எலுமிச்சம்பழம் கட்டிட்டாரு சார்."

"பிரிண்டருக்கும் ஒண்ணு கட்டச் சொல்லு."

குரு எழுந்தார்.

சர்வர் அறைக் கதவில் எலுமிச்சம்பழம் ஆடிக்கொண்டிருந்தது. குரு தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். அதற்குள் சீடன் தன் கார்டை வைத்துக் கதவைத் தள்ளிவிட்டான்.

உள்ளே ஏதோ சரிந்து தடதடவென்று விழுந்தது.

"ஆளு இருக்கு! ஆளு இருக்கு! வராதீங்க!"

பெண் குரல்.

குரு கதவை இழுத்துச் சாத்தினார். கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார். சீடனின் தோளைப் பிடித்து அவனையும் திருப்பி நிறுத்தினார்.

சற்றுப் பொறுத்து ரெஜினா வெளியே வந்தாள். பால் பரிசோதனையில் மாலை ஷிப்ட் பார்ப்பவள். பிரசவ லீவு முடிந்து வந்தவள். ஒரு கையில் ஐஸ் வைத்த பை. மறு கையில் குழாய் மாட்டிய சின்ன மெஷின்.

"புள்ளைக்குப் பால் எடுக்கறேன் சார். மெஷின் சத்தம்தான்."

காலடியில் பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் டிரேக்கள் சிதறிக் கிடந்தன.

"இதெல்லாம் என்னக்கா?" என்றான் சீடன்.

"உள்ள தாழ்ப்பாள் இல்ல தம்பி. யாரு கார்டை வச்சாலும் திறந்துக்கும். அதான் டிரேயை அடுக்கி, காலை முட்டுக் கொடுத்து உக்காருவேன். ஒரு கண்ணு மெஷின்ல, ஒரு கண்ணு கதவுல. பயத்துல பாலே இறங்க மாட்டேங்குது."

"சர்வர் உள்ள இருந்து தாழ்ப்பாள் போடாதுல்லக்கா. அதான் வைக்காம விட்டாங்க."

குரு கதவின் உள்பக்கத்தைப் பார்த்தார். வெறும் பலகை. விரலால் தடவிப் பார்த்தார்.

சீடனுக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாது.

"அதுவும் வியாழக்கிழமை வரைக்கும்தான் அக்கா. அன்னைக்குக் கிளவுட் வருது."

"எங்க வருது?"

"இந்த ரூமுக்கு."

ரெஜினா கூரையைப் பார்த்தாள்.

"மேல இருக்குன்னீங்க?"

"மேலயும் இருக்கும். இங்கயும் இருக்கும். கிளவுட் கம்பெனிக்காரனே அவன் பெட்டி ஒண்ணைக் கொண்டாந்து நம்ம கட்டடத்துல வைப்பான். பெட்டி அவனது. கரண்டு, ஏசி, பூட்டு நம்மது. நெட் லைன் அறுந்தாலும் வேனை உள்ள விடுற கேட்டு வேலை இங்கயே நடக்கும்."

போன ஐப்பசியில் நடந்ததை ரெஜினாவும் பார்த்திருந்தாள். வேனில் வந்த பாலை மெஷின் சோதிக்கும். சோதித்த அளவு கிளவுடுக்குப் போகும். அங்கிருந்து விலை வரும். விலை வந்தால்தான் கேட் திறக்கும். அன்று மழையில் லைன் அறுந்தது. வேன்கள் வரிசையாக நின்றன. பால் காத்திருந்தது. அப்புறம் காத்திருக்கவில்லை.

"சரி, அப்ப நான் எங்க போவேன்?"

"பாத்ரூம் இருக்குல்லக்கா."

"உங்க சாப்பாட்டை அங்க வச்சுச் சாப்பிடுவீங்களா?"

சீடன் தலையைச் சொறிந்தான். "பெட்டிக்கு ஏசி வேணும்க்கா. இந்தக் கம்பெனியில ஏசி ரூம் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு இது. இன்னொண்ணு…"

இன்னொன்று குருவின் அறை. சீடன் வாக்கியத்தை விழுங்கினான்.

"ரூம் இல்லேன்னா பாலை நிறுத்தணும், இல்ல வேலையை நிறுத்தணும்" என்றாள் ரெஜினா. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கு மறுநாள் இருட்டும் நேரம், சீடன் தன் சந்தேகத்தோடு வந்தான்.

"சார், எல்லாத்தையும் மேல அனுப்புன்னீங்க. அனுப்பினேன். இப்பப் பாதியைக் கீழ இறக்குங்கறீங்க. எது மேல இருக்கணும், எது பக்கத்துல இருக்கணும்னு எப்படித்தான் முடிவு பண்றது?"

குரு மேசையடியிலிருந்து ஒரு பையை எடுத்தார். குழந்தைக்கு எடுத்த பாலோடு ரெஜினா கொடுத்துவைத்த பை. தினமும் வந்து அதை வாங்கிப்போகும் அவள் கணவன் அன்று வரவில்லை. அவனுடைய பைக் வழியில் நின்றுவிட்டது.

"இதை அவங்க வீட்டுல கொடுத்துட்டு வா."

"சார், நான் கேட்டது…"

"பதில் அதுலதான் இருக்கு. கொட்டிடாதே."

மழை தூறியது. சீடன் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வண்டியை விட்டான்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் போனது. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் இன்னொரு வண்டி வரவேண்டுமாம். அது வரும் அறிகுறியே இல்லை. கேட்டைத் தாண்டினால் தரைப்பாலத்தில் தண்ணீர். சுற்றிக்கொண்டு போனான்.

தெருமுனையிலேயே குழந்தையின் அழுகை கேட்டது. வீட்டு அடையாளம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ரெஜினாவின் நாத்தனார் குழந்தையைத் தோளில் போட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"யாருப்பா?"

"பால் கொண்டாந்திருக்கேன்."

"காலையிலயே ஊத்திட்டுப் போயாச்சே."

"அது… இது வந்து… ரெஜினா அக்கா குடுத்தது."

சீடனின் காதுமடல் சிவந்தது.

"இவ்வளவு நேரமா?"

"ரயில்வே கேட்டு மூடியிருந்துச்சுக்கா."

"அதை இவன்கிட்ட சொல்லு." அவள் குழந்தையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். குழந்தை அவனைப் பார்த்து, இன்னும் ஒரு சுருதி ஏற்றி அழுதது.

அவள் பையைத் திறந்தாள். ஐஸ் முழுக்கத் தண்ணீராகி, அதுவும் வெதுவெதுத்திருந்தது. பாட்டிலை முகர்ந்தாள். கொல்லைக்குப் போய்க் கொட்டிவிட்டு வந்தாள்.

"கம்பெனியில என்ன வேலை பாக்குற?"

"பால் கெட்டுப்போகாம இருக்க… கிளவுடைப் பக்கத்துல கொண்டு வர்றேன்க்கா."

அவள் காலி பாட்டிலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"நல்லாக் கொண்டு வந்தே."

வியாழக்கிழமை காலை குரு கேட்டார். "பதில் கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார். கொட்டிட்டாங்க."

குரு தலையாட்டிவிட்டு முதலாளியின் மீட்டிங்குக்குப் போனார்.

லாரியில் பெட்டி வந்து இறங்கியது. பீரோ உயரம். இறக்கியவர்கள் வியர்வையைத் துடைத்தபடி, "எந்த ரூம் சார்?" என்றார்கள்.

சீடன் ஒரு கணம் கண்ணை மூடினான். பிறகு கையை நீட்டிக் காட்டினான்.

குரு திரும்பி வந்தபோது அவருடைய அறையில் பெட்டி நின்றுகொண்டு, விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. கதவில் புதுப் பூட்டு. பூட்டில் எலுமிச்சம்பழம். ஒச்சப்பன் இடம் மாற்றிக் கட்டியிருந்தார்.

"என் டேபிள் எங்கே?"

"வராந்தாவுல சார்."

"யாரைக் கேட்டு?"

சீடன் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறை.

குரு வராந்தாவுக்குப் போனார். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். மேசைமேலிருந்த காகிதங்கள் பறந்தன. ஒன்றைப் பிடித்தார். இன்னொன்றை விட்டுவிட்டார்.

"காத்து நல்லா வருது" என்றார்.

சாயங்காலம், சீடன் சொல்லி அனுப்பியிருந்தபடி, காலி கேன் ஏற்றி வந்த வேன் கேட்டில் நின்றது. டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து ரெஜினாவின் நாத்தனார் இறங்கினாள். இடுப்பில் குழந்தை.

"எங்கப்பா அந்தக் கிளவுட் தம்பி?"

சீடன் சர்வர் அறை வாசலில் திருப்புளியும் கையுமாக நின்றான். கதவின் உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள். திருகாணி இரண்டு கோணல். கட்டைவிரலில் துணிக்கட்டு.

குரு எட்டிப் பார்த்தார். "சோதிச்சியா?"

"நல்லாச் சோதிச்சேன் சார். கதவைச் சாத்தி, வெளிய நின்னு பத்துத் தடவை இழுத்துப் பாத்தேன்."

"உள்தாழ்ப்பாளை?"

சீடன் திருப்புளியைப் பார்த்தான்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இருட்டியதும் எங்கோ ஒரு மரம் விழுந்து லைன் அறுந்தது. கேட் திறந்தது. வேன்கள் உள்ளே போயின. லைன் அறுந்ததே யாருக்கும் தெரியவில்லை. குருவும் சீடனும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது குழந்தை அழுதது.

பரிசோதனை மேசையிலிருந்து ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நாத்தனாரிடமிருந்து குழந்தையை வாங்கினாள். சர்வர் அறைக்குள் போனாள். வாசலில் நின்று வராந்தாவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒருமுறை பார்த்தாள், வழக்கம்போல. கதவைச் சாத்தினாள்.

டிரே நகரும் சத்தத்துக்காகச் சீடன் காதைத் தீட்டினான்.

"சார், தாழ்ப்பாள் சேருமா? சேராட்டி?"

குரு விரலை உயர்த்தினார். பேசாதே.

உள்ளே, சடக்.