கழுவி வைத்த குழாய்கள்

ஐம்பது வயதில் மறுபடியும் மாணவரானவர் டாக்டர் சங்கரலிங்கம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாறி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அங்கே கிருமி நுழையாமல் காவல் காப்பவர் சிஸ்டர் ஜெசிந்தா. தன்னைவிடப் பதினைந்து வயது இளையவர் என்றாலும், "நீங்கதான் எனக்கு வாத்தியார்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார் டாக்டர். கேள்வி கேட்க வெட்கப்படாத மனுஷர்.

அன்று பிரிவே குதூகலமாக இருந்தது. பதினோரு நாள் வென்டிலேட்டரில் கிடந்த பிச்சம்மாள் காலையில் தானாக மூச்சு விட்டு, முதல் வேலையாக மருமகளைத் திட்டினாள். மருமகளுக்கோ ஆனந்தக் கண்ணீர். மகன் ஒரு குலை இளநீரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். ஓய்வறையில் நர்சுகள் ஆளுக்கொன்றாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் மட்டும் ஓய்வறையை ஒட்டிய கழுவுதொட்டி அருகே நின்றார். ஐந்தாம் கட்டில் இசக்கிமுத்துவுக்கு இன்னும் வென்டிலேட்டர்தான். அவருடைய நெஞ்சுச்சளியை உறிஞ்சி எடுக்கும் மெல்லிய குழாய், ஒரு தடவை போட்டால் எறிய வேண்டியது. புதியவை தீர்ந்துவிட்டன. ஸ்டோருக்குச் சாயங்காலம்தான் வருமாம். பழையவற்றைக் கழுவி மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார்.

"நல்லாக் கழுவுனா திரும்பப் போடலாம்லா, சிஸ்டர்?"

"முதல்ல இளநீர் குடிங்க சார்."

சொன்ன சிஸ்டர், குப்பைக்கூடையிலிருந்து ஒரு ஸ்ட்ராவை எடுத்தார். சோப்புப் போட்டார், வெந்நீர் விட்டார், ஸ்பிரிட்டால் துடைத்தார். இளநீரில் செருகி நீட்டினார்.

"இது யாரு குடிச்சது?"

"தெரியல சார். நல்லாக் கழுவியாச்சு."

"வெளிய கழுவுனீங்க. உள்ள?"

"உள்ளயும் வெந்நீர் விட்டேன், பாத்தீங்கள்லா."

"வெந்நீர் விட்டாப் போயிருமா? உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கிறது கண்ணுக்கா தெரியும்..."

டாக்டரின் பேச்சு பாதியில் நின்றது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். நர்சுகளும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்தபடியே ஊறிய குழாய்களைக் குப்பையில் கவிழ்த்தார். அடுத்த கணமே முகம் வாடியது.

"இப்ப அவருக்குச் சளி எடுக்கணுமே, சிஸ்டர்?"

"ஆபரேஷன் தியேட்டர்ல புதுக் குழாய் ஒரு பெட்டி இருந்துச்சு. நீங்க கழுவ ஆரம்பிச்சப்பவே சொல்லிவிட்டாச்சு. இந்தா, வந்துட்டு."

டாக்டருக்கு உயிர் வந்தது. கூடவே செல்லக் கோபமும் வந்தது.

"அப்ப நேரா வேண்டாம்னு சொல்லிருக்கலாமே. எதுக்கு இந்தக் கூத்து?"

"நீங்க வேண்டாம்னு சொல்லணும்னு பாத்தேன் சார். இசக்கிமுத்து அண்ணாச்சியால சொல்ல முடியாதுல்லா. வாயில குழாய் இருக்கு."