குடுவையின் அடிப்பாகம்

அகழாய்வில் கிடைத்த ஓர் ஈமத்தாழிக்குள் குழந்தையின் எலும்புகளும் சிறு மண்குடுவையும் இருந்தன. குடுவையின் மேல்பாதி வெளியே தெரிந்தது. அடிப்பாகம் தாழிக்குள் இறுகிய மண்ணில் புதைந்திருந்தது. விரல் பட்டால் குடுவை உதிர்ந்துவிடும்.

அருங்காட்சியகத்தின் தொல்பொருள் பாதுகாப்புப் பிரிவுத் தலைவி கோதைநாயகி அதை யாரையும் தொடவிடவில்லை. அவரிடம் தொழில் கற்க வந்திருந்தவர் இம்மானுவேல். வார்ப்படப் பட்டறையை விட்டு வந்தவர், ஆசிரியையைவிட வயதில் மூத்தவர். லேசர் ஒளியைக் குடுவையின் மேல் ஓடவிட்டு, உருவத்தைக் கணினியில் பதிவுசெய்து, பிளாஸ்டிக்கில் ஒரு பிரதி செய்தார்.

பிரதியைப் பார்க்க மெகருன்னிசா வெளியூரிலிருந்து வந்தார். பழங்காலத்தில் குழந்தைகளை எப்படிப் புதைத்தார்கள் என்று ஆராய்பவர். இரண்டு கைகளாலும் வாங்கினார். கவிழ்த்து அடியைத் தடவினார்.

“தேய்மானமே இல்லை. வீட்டில புழங்கினது இல்லை இது. சாவுக்குன்னே புதுசா செஞ்சிருக்காங்க.” மீண்டும் ஒருமுறை தடவிப் பார்த்தார். “இத்தனை வருஷமா இதுக்குத்தான் அலைஞ்சேன். இன்னைக்கே எழுத ஆரம்பிச்சிடுவேன்.”

இம்மானுவேல் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கோதைநாயகி அவரைப் பார்த்தார். “அடியை எப்போ பார்த்தீங்க, இம்மானுவேல்?”

“பார்க்கலை மேடம்.” அவர் தலை குனிந்தார். “மேல்பாதியை வெச்சு கணக்குப் போட்டு நானே நிரப்பினேன்.”

மெகருன்னிசா பிரதியை மேசைமேல் வைத்தார்.

“அப்போ அந்தக் குழந்தை குடிச்ச குடுவையாவும் இருக்கலாம்.”

“இருக்கலாம்,” என்றார் கோதைநாயகி.

“மண்ணை எடுத்துப் பார்க்க முடியாதா?”

“எடுத்தா குடுவை இருக்காதும்மா.”

பிறகு கோதைநாயகி சிறு ரம்பம் ஒன்றை எடுத்து வந்தார். இம்மானுவேல் நிரப்பிய பகுதியைப் பிசகாமல் அறுத்தெடுத்தார். மிஞ்சியதை மெகருன்னிசாவிடம் கொடுத்தார். அவர் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு இம்மானுவேல் திரும்பி வந்தார்.

“அவ்வளவு தூரத்திலேர்ந்து வந்தாங்க. அரைக் குடுவையைக் கொடுத்து அனுப்பிட்டோம். என் கணக்கு சரியாவும் இருக்கலாம் இல்லையா, மேடம்?”

“இருக்கலாம்.”

“அப்புறம் ஏன் அறுத்தீங்க?”

கோதைநாயகி மேசையில் சிந்தியிருந்த தூளைக் கையால் ஒதுக்கினார்.

“அந்த அடி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பிரதிக்கு மட்டும் எப்படித் தெரியும்?”