ஆறுச்சாமி பேர் சரிந்த கதை

ராஜா இல்லை, மந்திரி இல்லை, ஒரே ஒரு ஊர் மட்டும் இருந்தது. அந்த ஊருக்குக் கரண்டு இருந்தது.

அங்கே சென்னியப்பன் என்று ஒரு தச்சர், ஆறுச்சாமி என்று மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற ஒருவர். கோவணம் கட்டின நாளிலிருந்து வாடா போடா சிநேகம். இப்போது ரெண்டு பேருக்கும் தலை வெளுத்துவிட்டது. எங்கே போனாலும் ஒரே மொபெட். ஒருவர் ஓட்டுவார், ஒருவர் பின்னால் உட்கார்ந்து வழி தப்பு என்பார்.

அந்த வயதில் அவர்களுக்கு ஓர் ஆசை வந்தது. கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல மரத்தைச் செதுக்குகிறதே, சிஎன்சி மிஷின், அதைச் சொந்தக் கையாலேயே செய்துவிட வேண்டும் என்று. ஊர்க் கடைசியில் மிஷின் பழுது பார்க்கிற மயிலாத்தாளிடம் போய், கற்றுக்கொடுங்கள் என்று நின்றார்கள். குருவுக்கு அவர்களில் பாதி வயதுதான். நல்ல நாளில் "அம்மணி" என்பார்கள். மிஷின் நின்றுபோன நாளில் "குருவே" என்பார்கள்.

மிஷின் உருவாகிவிட்டது. பலகையைப் படுக்க வைக்க ஒரு நீள மேஜை. மேஜைக்குக் குறுக்கே ஒரு பாலம்; அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும். பாலத்தின் மேலே வெட்டுகிற கத்தியும், அதை முன்னும் பின்னும் நகர்த்துகிற மோட்டாரும். மரவேலை முழுக்கச் சென்னியப்பன். வயர் முழுக்க ஆறுச்சாமி. சென்னியப்பன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் மிஷின் குடியேறியது. மாடு வேப்பமரத்தடிக்குக் குடிபோனது.

முதல் வேலையாக, தாங்கள் திறக்கப்போகிற கடைக்கே பெயர்ப்பலகை செதுக்கினார்கள். இடப்பக்கம் சென்னியப்பன், வலப்பக்கம் ஆறுச்சாமி.

சென்னியப்பன் அச்சு வார்த்தது போல வந்தது. பாலம் அந்தக் கோடியை நெருங்கியதும் மோட்டார் உறுமியது, நின்ற இடத்திலேயே நடுங்கியது. ஆறுச்சாமியின் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்தன.

வேறு பலகை போட்டார்கள். அதிலும் அப்படியே.

பால்காரர் எட்டிப் பார்த்தார். "சென்னியப்பன் நல்லா சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு. பக்கத்துல தடுக்கி விழுந்து கிடக்கிறது யாருங்?"

ஆறுச்சாமிக்குச் சுருக்கென்றது.

"உம்பட மேஜை அந்தக் கோடில கோணல்டா. அதெப்படி எம்பட பேரு வர்ற எடமாப் பார்த்துக் கோணுது?"

"நான் வேணும்னே கோணல் வெச்சனாக்கும்? உம்பட வயரைப் போய்ப் பாரு."

அத்தோடு பேச்சு நின்றது. சென்னியப்பன் காலையில் தனியாக வந்து எல்லா ஸ்க்ரூவையும் முறுக்கிப் பார்த்தார். எல்லாம் கெட்டியாக இருந்தது. அவர் தோட்டங்காட்டுக்குப் போன பிறகு ஆறுச்சாமி தனியாக வந்து எல்லா வயரிலும் மீட்டரை வைத்துப் பார்த்தார். வயர் அறுபடாமல் இருந்தால் மீட்டர் 'கீ' என்று கத்தும். எல்லாவற்றுக்கும் கத்தியது. ஆக, ரெண்டு பேர் மேலும் குற்றம் இல்லை. பலகை மட்டும் கெட்டுக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை கடை திறப்பு. வியாழக்கிழமை காலையில் ரெண்டு பேரும் குருவின் வாசலுக்கு வந்தார்கள். ரெண்டு மொபெட்டில் வந்தார்கள்.

"கடையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். மிஷினைப் பிரிச்சுக் குடுத்துருங்க அம்மணி" என்றார் சென்னியப்பன்.

"அவரு மரம் அவருக்கு. எம்பட வயரு எனக்கு" என்றார் ஆறுச்சாமி.

"எவரு?"

"இவருதானுங்."

குரு ரெண்டு மொபெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பையை எடுத்துத் தோளில் போட்டார்.

"சரி, வாங்ணா. பிரிச்சுரலாம்."

யார் வண்டியிலும் ஏறவில்லை. நடந்தே வந்தார். வண்டிகள் ரெண்டும் அவருக்குப் பின்னால் நடக்கிற வேகத்தில் உருண்டு வந்தன.

கொட்டகையில் மிஷினுக்குக் கரண்டை அணைக்காமலே விட்டுவந்திருந்தார்கள். நுழைந்ததும் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். குரு சுவரோரம் போய் ஸ்விட்சை அணைத்தார். கரண்டுப் பெட்டியில் பச்சை விளக்கு உடனே அணையவில்லை. மங்கியது, இன்னும் மங்கியது. குரு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங் அம்மணி பார்க்கறீங்க?"

"உள்ள இன்னுங் கொஞ்சம் மிச்சம் இருக்குதுங்ணா. அடங்கட்டும்."

விளக்கு அணைந்தது. அதற்குள் அவர்களுக்கும் என்ன பேச வந்தோம் என்பது கொஞ்சம் மறந்திருந்தது.

"மரம் யாருதுங்?"

"எம்படது" என்றார் சென்னியப்பன்.

"வயரு?"

"எம்படது" என்றார் ஆறுச்சாமி.

"அப்பக் கழட்டுங்க."

இவ்வளவு சீக்கிரம் சொல்லிவிடுவார் என்று ரெண்டு பேருமே நினைக்கவில்லை. சென்னியப்பன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார், துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி அவங்கவங்க பொருள் நல்லதான்னு பார்த்துக்கங்க. பொறவு வந்து ஓட்டை உடைசல்னு சொல்லக் கூடாது. ஆறுச்சாமிண்ணா, பாலத்து மோட்டார் வயரைப் பெட்டிலிருந்து கழட்டி மீட்டர் வையுங்க."

ஆறுச்சாமி வைத்தார். மீட்டர் 'கீ' என்று கத்தியது.

"நல்ல வயருங். நான்தான் சொன்னனே."

"மீட்டர் முள்ளை வயர்லிருந்து எடுக்காதீங்க. அப்படியே புடிச்சிருங்க. சென்னியண்ணா, உங்க மேஜை அந்தக் கோடில கோணலான்னு பார்க்கணுமுங். பாலத்தை அங்க தள்ளிக்கிட்டுப் போங்க. மெதுவா."

சென்னியப்பன் தள்ளினார். பாலம் நகர்ந்தது. மீட்டர் கத்திக்கொண்டே இருந்தது. பாலம் பாதி வழியைத் தாண்டியது. வயர் மெல்ல நீண்டு விறைத்தது.

சத்தம் நின்றது.

சென்னியப்பன் கையை எடுத்துவிட்டார். ஆறுச்சாமி முள்ளை அழுத்திப் பார்த்தார். சத்தம் இல்லை.

"கொஞ்சம் இந்தப் பக்கம் இழுடா" என்றார் ஆறுச்சாமி.

இழுத்தார். 'கீ.'

"தள்ளு."

தள்ளினார். சத்தம் இல்லை.

வேப்பமரத்தடியில் மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. வயதான ரெண்டு பேர் ஒரு பாலத்தை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தார்கள்.

பாலத்தோடு வயரைப் பிடித்து வைத்திருந்த கிளிப்பில் குரு விரலை வைத்தார். "இது யாருது?"

"ஸ்க்ரூ எம்படதுங்."

"கிளிப்பு நான் வாங்கினதுங்."

"அப்ப ரெண்டு பேரும் கழட்டுங்க."

ஒருவர் வயரைத் தாங்கிப் பிடிக்க, ஒருவர் ஸ்க்ரூவைத் திருப்பினார். கிளிப்பு உட்கார்ந்திருந்த இடத்தில் வயர் நசுங்கித் தட்டையாகியிருந்தது. மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. குரு கத்தியால் தோலைச் சீவினார். உள்ளே செம்பு இழைகள் கறுத்து, அறுந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. இழுத்தால் விலகின. விட்டால் சேர்ந்தன.

"நிக்கையில நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் ஆறுச்சாமி மெதுவாக.

"இவ்வளவு முறுக்கினது யாருங்ணா?"

"நான்தானுங்" என்றார் சென்னியப்பன். "வயரு நழுவிக் கத்தில மாட்டிக்கிச்சுன்னா என்ன ஆகறது? ஒவ்வொண்ணும் இவன் கண்ணாடி போட்டுக் குனிஞ்சு குனிஞ்சு கட்டினதுங்."

"முறுக்கச் சொன்னது நானுங்" என்றார் ஆறுச்சாமி. "வயரு தொங்குச்சுன்னா இவன் பாலம் ஓடற வழில தட்டும். எழைச்சு எழைச்சு வழவழன்னு வெச்சிருக்கானுங். பாழாயிரும்."

குரு "ம்" என்றார். பையிலிருந்து புது வயரை எடுத்துக் கொடுத்தார்.

ஆறுச்சாமி அளந்து வெட்டப் போனார்.

"இன்னுங் கொஞ்சம்."

"நீளம் எச்சாயிருமே அம்மணி."

"ஆகட்டும்."

புது வயர் பாலத்திலிருந்து மாட்டின் கழுத்துத் தோல் போலத் தொங்கியது. சென்னியப்பன் கிளிப்பை வைத்து ஸ்க்ரூவைத் திருப்பினார். இன்னொரு திருப்பு திருப்பப் போனார்.

"போதுங்ணா."

"ஆடுதுங்களே."

"ஆடட்டும்."

புதுப் பலகை ஏற்றினார்கள். ஸ்விட்சைப் போட்டார்கள். சென்னியப்பன் வந்தது. பாலம் அந்தக் கோடிக்குப் போகப் போக ரெண்டு பேரும் கூடவே நடந்தார்கள், நடை பழகுகிற குழந்தையின் பின்னால் போவது போல. மோட்டார் உறுமவில்லை. ஆறுச்சாமி வந்தது. கால், சுழி, புள்ளி எல்லாம் நேராக நின்று வந்தது.

சென்னியப்பன் குனிந்து வாயால் ஊதித் தூசியைத் தட்டினார். தன் பெயரின் மேல் கிடந்த தூளை அவர் பார்க்கவே இல்லை.

"இப்பப் பிரிச்சுரலாங்களா?" என்று கேட்டார் குரு.

"அட, நீங்க ஒண்ணு அம்மணி."

பலகையைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். முன்கோடியைச் சென்னியப்பன் தூக்கினார். பின்கோடியை ஆறுச்சாமி தூக்கினார். வாசல் வரை போனவர்கள் நின்றார்கள். ஆறுச்சாமிக்கு மனசு கேட்கவில்லை.

"எல்லாஞ் சரி குருவே. கடைசில தப்பு யாரு மேலன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"ஆமாங்" என்றார் சென்னியப்பனும். "அதைச் சொல்லிட்டாத் தேவலை."

குரு மேஜை மேலிருந்து அந்தப் பழைய வயர்த் துண்டை எடுத்தார். இன்னொரு கையில் கத்தியை எடுத்தார்.

"இதுல எது வரைக்கும் அவரு, எது வரைக்கும் நீங்கன்னு காட்டுங்ணா. அந்த எடத்துல வெட்டித் தர்றேன்."

ரெண்டு பேரும் துண்டைப் பார்த்தார்கள். கை ரெண்டும் பலகையில் இருந்ததால் யாரும் எதையும் காட்டவில்லை. முன்னால் நின்றவர் ஓரடி எடுத்து வைத்தார். பின்னால் நின்றவரும் எடுத்து வைத்தார். பலகை சந்துக்குள் திரும்பி மறைந்தது.

குரு ஸ்விட்சை அணைத்தார். பச்சை விளக்கு முழுக்க அடங்கும் வரை நின்றார். பிறகு, வாசலில் நின்ற ரெண்டு மொபெட்டையும் சுற்றிக்கொண்டு நடந்து போனார்.