கணப்பும் மேஸ்திரியின் மீசையும்

உருளைக்கிழங்கு மண்டி பொன்னுரங்கத்துக்கு இரண்டு வித்தை தெரியும். எதிராளி சொல்லும் விலையைப் பாதியாக இறக்குவது ஒன்று. இறங்காதவனைக் கத்தியே விரட்டுவது இன்னொன்று. இரண்டையும் மூட்டை தூக்கிய காலத்தில் அடிபட்டு, மிதிபட்டுக் கற்றுக்கொண்டார். அவற்றை வைத்தே மலைமேல் மண்டி போட்டார். வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றையும் வாங்கிப் போட்டார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒருவர் முன்னால்தான் குரலை இறக்குவார். அமிர்தவல்லி அம்மா. அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒரு காலத்தில் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். இப்போது பவானி ஆற்றங்கரையில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். தேடி வருகிறவர்கள் ஏதாவது கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.

பொன்னுரங்கம் அவ்வப்போது மலையிறங்கிப் போய் அவர் எதிரில் உட்காருவார்.

"கோபம் என்னை விட்டுப் போக மாட்டேங்குதுங்கம்மா."

"உங்க வீடு அதுக்கு வசதியா இருக்குமாட்டம் இருக்கு."

"ஒரு தடவை வந்துதான் பாருங்களேன்."

"மார்கழியில வர்றேன்" என்றார் அம்மா.

வருஷக்கணக்காகக் கூப்பிட்டு, இப்போதுதான் சரி என்றிருக்கிறார். பொன்னுரங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் மார்கழியில் மலைமேல் எலும்பு நடுங்கும். பங்களாவின் பெரிய அறையில், நெருப்பு மூட்டிக் குளிர் காய்கிற கணப்பு வெடித்துக் கிடந்தது. அதற்குள் பழைய செருப்புகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட யாக்கோபு மேஸ்திரியை வரவழைத்தார்.

யாக்கோபுவுக்கு ஆள் வரும் முன்னே மீசை வரும். இரண்டு பக்கமும் முறுக்கி விட்ட மீசை.

"கணப்பு கட்டிப் பழக்கமுண்டா?"

"இந்த மலையில பாதிப் பேரு குளிர் காயறதே என் புண்ணியத்துலதானுங்க, முதலாளி."

"வாய் நல்லா இருக்கு."

"கை அதைவிட நல்லா இருக்கும்."

கூலியைப் பேசி, இறக்கி, மறுபடி பேசி, கடைசியில் வேலையாட்களின் டீச்செலவையும் அவன் தலையிலேயே கட்டினார் பொன்னுரங்கம். அதன் பிறகும் மனசு ஆறவில்லை.

"புகை வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா?"

"மீசையை எடுத்துடறேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"பேச்சு மாறுறவன் எதுக்கு முதலாளி மீசை வெக்கறான்?"

வேலை முடிந்தது. உடைசலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள், வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. யாக்கோபு நாலு விறகை வைத்துப் பற்றவைத்துக் காட்டினான். புகை நூல் பிடித்தாற்போல் சிம்னிக்குள் ஏறிப் போனது. பொன்னுரங்கம் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் தலையாட்டினார்.

எல்லாரும் போன பின் அவருக்கு ஒரு யோசனை வந்தது. காசு கொடுத்துக் கட்டிய கணப்பின் சூடு ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே போகலாமா? அம்மா மேல் ஈரக்காற்று படலாமா? கடைக்குப் போய் ரப்பர் பட்டை வாங்கி வந்து, ஏணி போட்டு ஏறி, அத்தனை ஜன்னலையும் கதவிடுக்கையும் தன் கையாலேயே ஒட்டி அடைத்தார். வேறு யாரையும் தொட விடவில்லை.

அம்மா வந்த சாயங்காலம் மண்டித் தெருவில் இருந்து ஏழெட்டுப் பேர் பார்க்க வந்திருந்தார்கள். கதவைச் சாத்திக் கணப்பைப் பற்றவைத்தார் பொன்னுரங்கம். மேலே போக வேண்டிய புகை கணப்பின் வாய் வழியாக அறைக்குள் வந்தது. எல்லாருக்கும் கண் எரிந்தது. லாட்ஜ்காரர் ஹரிதாஸ் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னங்கண்ணா, வாழைத்தார் பழுக்க வெக்கற ரூமுக்குள்ள கூட்டியாந்துட்டீங்களா?"

சிரித்தபடியே ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அம்மா இருமினார். இருமலுக்கு நடுவே, "அந்த ஜன்னலை..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாங்கம்மா, குளிரும்" என்று நெருப்பில் தண்ணீரைக் கொட்டினார் பொன்னுரங்கம். அன்றைக்கு அம்மா ஈரக்கரி வாடையில், கம்பளிக்குள் படுத்தார்.

விடிந்ததும் பொன்னுரங்கம் மார்க்கெட்டுக்கு நடையைக் கட்டினார். பேக்கரி வாசலில் யாக்கோபு நின்றிருந்தான். பக்கத்திலேயே ஹரிதாஸ். லாட்ஜில் இருக்கும் கணப்புகளை எல்லாம் மாற்றுகிற வேலையைத்தான் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பொன்னுரங்கம் எடுத்த எடுப்பில் ஆரம்பித்தார். திருடன் என்றார். ஊரை ஏய்க்கிறவன் என்றார். லாரியில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"நல்லாத்தானுங்களே எரிஞ்சுது. நான் வந்து ஒரு தடவை பாக்கறேன், முதலாளி."

"வந்து என்னத்தப் பாப்பே? வாய் விட்டியே, அதைச் செய்."

"பாத்துட்டு, என் தப்புன்னா..."

"மீசையா, மயிரா அது?"

ஹரிதாஸ் மெல்ல இரண்டடி தள்ளி நின்றார். "யாக்கோபு, நம்ம லாட்ஜ் வேலையை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

யாக்கோபு மீசையை ஒரு தடவை முறுக்கிவிட்டான். பிறகு எதிரே இருந்த சலூனுக்குள் போனான். கண்ணாடிக் கதவு வழியாக மார்க்கெட்டே பார்த்தது.

சாயங்காலம் பொன்னுரங்கம் அம்மாவிடம் சொன்னார்: "நாளைக்கே வேற ஆளை வெச்சு இடிச்சுக் கட்டிடறேனுங்கம்மா."

"கட்டினவர்?"

"இனி அவன் இந்த மலையில கொத்துக்கரண்டியைத் தொட முடியாது. மீசையை எடுக்க வெச்சுட்டேன்."



"கணப்பைப் பத்த வையுங்க."

"மறுபடியும் புகையுமுங்கம்மா."

"புகையட்டும்."

பற்றவைத்தார். நேற்றுப் போலவே புகை அறைக்குள் திரும்பியது. "பாத்தீங்களா?" என்றார், கேஸ் ஜெயித்தவர் போல.

அம்மா எழுந்து ஜன்னலருகே போனார். பொன்னுரங்கம் ஒட்டிய ரப்பர் பட்டையை ஒரு முனையில் பிடித்து வாழைநார் உரிப்பதுபோல் உரித்தார். ஜன்னலை ஒரு சாண் திறந்தார். குளிர்காற்று உள்ளே வந்தது. அறையில் சுற்றிய புகை சற்றுத் தயங்கி, திரும்பி, சிம்னிக்குள் ஏறியது. விறகு படபடவென்று பற்றிக்கொண்டது.

பொன்னுரங்கம் போய் ஜன்னலைச் சாத்தினார். புகை வந்தது. திறந்தார். போனது. இன்னொரு தடவை சாத்தப் போனவர், கையை எடுத்துக்கொண்டார்.

அந்தப் பட்டை அவர் காலடியில் சுருண்டு கிடந்தது. அதை மிதிக்கவும் முடியவில்லை, குனிந்து எடுக்கவும் முடியவில்லை.

"நேத்தே சொல்ல வந்தீங்க."

"ஆமா."

"நான் விடலை."

அம்மா நெருப்பில் கை காய்ந்துகொண்டிருந்தார். அந்த வெளிச்சத்தில் தன் முகம் தெரியக்கூடாது என்று பொன்னுரங்கம் இருட்டுப் பக்கமாக நகர்ந்தார். சலூன் கண்ணாடி மறுபடி மறுபடி கண்ணுக்குள் வந்தது.

"அவனைக் கூப்பிட்டுப் பேசிடறேனுங்கம்மா."

"எங்கே?"

"இங்கதான். வீட்டுல."

"திட்டினது?"



"நல்ல வேட்டி சட்டை ஒண்ணு எடுத்துக் கொடுத்துடறேன்."

"வேட்டியையா எடுத்தீங்க அவர்கிட்ட இருந்து?"

பொன்னுரங்கம் தன் மேலுதட்டைத் தடவினார். "என் மீசையையும் எடுத்துடறேன். ஒண்ணுக்கு ஒண்ணு."

"அதை வெச்சு அவர் என்ன பண்ணுவார்?"

அதற்கு மேல் அவருக்குக் கொடுக்க ஒன்றும் தோன்றவில்லை. அன்று இரவு முழுக்க ஜன்னல் திறந்தே இருந்தது. சூடும் இருந்தது.

மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் போனார். யாக்கோபு பேக்கரி பெஞ்சில், மூக்கு வரை மப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்தான். டீ குடிக்க மட்டும் கொஞ்சம் இறக்குவான், உடனே ஏற்றிக்கொள்வான். அவனைக் கண்டதும் பொன்னுரங்கத்தின் கால் தானாகவே மண்டிப் பக்கம் திரும்பியது. இழுத்துப் பிடித்து நிறுத்தினார்.

தெருக்கோடியில் இருக்கும் லாரி டிரைவரைக் கூப்பிடுகிற குரல் அவருடையது. அன்றைக்குத் தொண்டையைத் தாண்டவில்லை. இரண்டு தடவை செருமினார்.

"யாக்கோபு மேல தப்பில்லை" என்றார். "கணப்பு நல்லாத்தான் கட்டியிருக்கான். ஜன்னலை அடைச்சு வெச்சது நான். எனக்குப் புத்தியில்லை."

யாரோ சிரித்தார்கள். யாரோ "கேளுங்கடா, மண்டிக்காரர் தப்பை ஒத்துக்கறார்" என்றார்கள். பொன்னுரங்கத்தின் காது மடல் எரிந்தது. அவர் ஹரிதாஸைப் பார்த்தார்.

"உங்க லாட்ஜ் வேலையை இவனுக்கே கொடுங்க."

"அடடா, நேத்து மத்தியானமே வேற ஆளுக்கு வாக்குக் கொடுத்துட்டனேண்ணா."

யாக்கோபு டீயைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏதாச்சும் சொல்லு, யாக்கோபு."

"என்னங்க சொல்லணும்?"

"பரவால்லைன்னு சொல்லு."

யாக்கோபு மப்ளரை இறக்கினான். வெகுகாலம் காலண்டர் தொங்கிய சுவர்போல அவன் மேலுதடு மட்டும் வெளுத்திருந்தது.

"பரவால்லைன்னா சொல்ல மாட்டனுங்களா, முதலாளி?"

பொன்னுரங்கத்துக்குள் எங்கோ ஒரு திரி பற்றியது. "இத்தனை பேர் முன்னால தலைகுனிஞ்சு நிக்கறேன். இதுக்கு மேல என்னடா வேணும் உனக்கு?"

இப்போது குரல் தெருக்கோடி வரை கேட்டது.

யாக்கோபு கிளாஸை வைத்தான். மப்ளரைச் சுற்றிக்கொண்டு எழுந்து போனான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

"கத்திட்டேன்."

கத்தி கிழங்கின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. 

"அந்த ஊர் முன்னால நின்னது கூடப் பெருசில்லைங்கம்மா. அவர் எந்திரிச்சுப் போனாரே, அதைத்தான் தாங்க முடியலை." 'அவர்' என்று வாயில் வந்ததைப் பொன்னுரங்கமே கவனிக்கவில்லை. "மன்னிச்சேன்னு அவர் வாயால ஒரு வார்த்தை வந்தாப் போதும். என்ன கேட்டாலும் தந்துடறேன். ஆயுசுல முதல் தடவையாச் சொல்றேன், அவர் சொன்னதுதான் விலை. குறைச்சுப் பேச மாட்டேன்."

அம்மா சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டார்.

"அது அவர் வீட்டுச் சரக்குங்க" என்றார். "விக்கறதுக்கா வெச்சிருக்கார்?"