துருவின் பங்கு

இரும்பும் துருவும் மனிதரோடு பேசிய அந்தக் காலத்தில், ஜப்பானின் மலைநாட்டில் எந்த வாளும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை. துருவுக்கு அவ்வளவு பசி. கொல்லர்கள் பாடுபட்டு அடித்ததை எல்லாம் அது உட்கார்ந்து தின்றது.

அங்கே ஒரு கணவாயின் அடிவாரத்தில் கனெமோரி என்ற கொல்லன் இருந்தான். அவன் வாளை அடிப்பான். தம்பி யசுகே அதைக் கல்லில் தேய்த்துத் தீட்டுவான். அறுவடை முடிந்ததும் கணவாய் வழியாகக் கொள்ளையர்கள் நெல்லுக்கு வருவார்கள். ஊரார் கையில் இருந்ததோ துருப்பிடித்துப் பல்லிளிக்கும் வாள்கள். இப்படி எத்தனை பேரைத்தான் பறிகொடுப்பது?

பொறுத்துப் பார்த்த கனெமோரி ஒருநாள் துருவிடமே கேட்டுவிட்டான்.

"உனக்கு என்னதான் வேண்டும்?"

"பசிக்கிறது, வேறென்ன? மண்ணில் கிடந்தபோது இரும்பெல்லாம் என்னுடையது. தோண்டி எடுத்த நீ எனக்கென்று ஒரு வாய் வைத்தாயா?" என்றது துரு.

கேட்டதில் நியாயம் இருந்தது. கனெமோரி யோசித்துச் சொன்னான்: "கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பு உனக்கு. அதை மெல்ல மெல்லத் தின்றுகொள். வெளியே தெரியும் வாளில் மட்டும் வாய் வைக்காதே."

"என் பங்கில் யாராவது கை வைத்தால்?"

"அப்புறம் நீ எங்கே வாய் வைத்தாலும் நான் கேட்க மாட்டேன்."

துரு ஒப்புக்கொண்டது. சொன்ன சொல்லையும் காப்பாற்றியது. வாள்கள் வருடக்கணக்கில் பளபளத்தன. கொள்ளையர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

ஒரு வருடம் கணவாயைக் காக்கும் முறை கனெமோரிக்கே வந்தது. தன் வாளைத் தீட்டக் கொடுத்தபோது, "காம்பைத் தொட்டுவிடாதே, தம்பி. அது துருவின் பங்கு" என்றான்.

"தெரியும் அண்ணா, நீங்கள் கவலைப்படாமல் போய்ச் சாப்பிடுங்கள்" என்றான் யசுகே.

அவன் அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தான். அதுதான் வினையாகிவிட்டது. கைப்பிடியைக் கழற்றியதும், காம்பில் படர்ந்திருந்த கறுத்த துரு அவன் கண்ணை உறுத்தியது. அண்ணன் உயிரைக் காக்கப் போகிற வாளில் இப்படி ஓர் அழுக்கா? மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு தடவைதானே, துரு பொறுத்துக்கொள்ளும் என்று நினைத்தான். காம்பையும் கல்லில் வைத்துத் தேய்த்தான். அது வெள்ளியாய் மின்னும்வரை தேய்த்து, கைப்பிடியை மாட்டிக் கொடுத்தான். நல்லது செய்ததாகத்தான் நினைத்தான், பாவம்.

கணவாயில் பனி இறங்கியிருந்தது. கொள்ளையர்கள் வந்ததும் கனெமோரி வாளை உருவினான். நுனிமுதல் அடிவரை அது துருவேறிச் சிவந்துபோயிருந்தது. முதல் வெட்டிலேயே ஒடிந்தது. ஊரார் கொள்ளையரை விரட்டிவிட்டார்கள். ஆனால் கனெமோரியை உயிரோடு கொண்டுவர முடியவில்லை.

உடைந்த வாளை மடியில் போட்டுக்கொண்டு யசுகே துருவைப் பார்த்துக் கதறினான். "தப்புச் செய்தவன் நான். அண்ணன் உன்னை நம்பினாரே! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன், யசுகே" என்றது துரு. அதன் குரலும் உடைந்திருந்தது. "நீ தேய்த்த நேரமெல்லாம் கத்தினேன். கல்லின் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை."

அதற்குப் பிறகு துரு யாரிடமும் பேசவில்லை. யசுகே கடைசிவரை வாள் தீட்டித்தான் பிழைத்தான். ஆனால் எவருடைய வாள் வந்தாலும் முதலில் காம்பில் துணியைச் சுற்றிக் கட்டுவான். பிறகுதான் கல்லில் தண்ணீர் விடுவான்.

ஜப்பானில் வாள் தீட்டுகிறவர்கள், வாளைக் கண்ணாடியாய் மின்ன வைத்தாலும் காம்பில் ஏறிய துருவைத் தொடாமல் விட்டுவைப்பது அன்று முதல்தான்.